சுகர் இல்லாத கேக்

கேக்குக்கு வெண்ணெயை உருக்கக் கூடாது. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தவறுகிறார்கள். அவசரப்பட்டு வாணலியில் போட்டு உருக்கிவிடுகிறார்கள். கேக் களி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட வேண்டும். கடலூர் வெயிலுக்கு அது தானாக இளகும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் சர்க்கரையைக் கொட்டி அடிக்க ஆரம்பித்தால் மஞ்சள் நிறம் வெளுத்துக்கொண்டே போய்த் தும்பைப்பூ மாதிரி ஆகிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் அது. அந்த நேரத்தில் யாரோடும் பேச வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டு பிரிசில்லா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவளுக்குக் கை சுளுக்கிக்கொண்டது, அடித்துக் கொடுக்க நான் போனேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

என் கணவர் ராமாமிர்தம் இறந்து காரியமும் முடிந்துவிட்டது. சுகர்தான் கொண்டுபோய்விட்டது என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இனிமேல் கேட்பார்கள் என்று தோன்றவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் நல்ல மனிதர். குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் சாயங்காலம் நேராக வீட்டுக்குத்தான் வருவார். சாப்பாட்டில் மட்டும் ஒரு பழக்கம். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் மெல்லுவதை ஒரு கணம் நிறுத்துவார். நான் சமையலறை நிலையைப் பிடித்தபடி நிற்பேன். பிறகு சொல்வார், “தில்ல வெச்சா வேற மாதிரி இருக்கும்.”

தில்லையம்மாள் அவருடைய தங்கை. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் வைக்கிற கத்தரிக்காய் கொத்சு அவர்கள் வீட்டில் சாமி மாதிரி. நான் விடவில்லை. சிதம்பரத்துக்குப் போய், அவள் பக்கத்தில் நின்று, அவள் வறுத்த கொத்தமல்லியையே பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வந்து இங்கே வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டார். நிறுத்தினார்.

“எல்லாம் சரியாத்தான் போட்டிருக்க. கைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அந்த ஒரு பேச்சு முடிந்தால் அப்புறம் நாள் முழுவதும் அமைதிதான். அமைதி எனக்குப் பழக்கம். பல வருடங்கள் அதற்குள்ளேயே குடியிருந்திருக்கிறேன்.

அவர் ஓய்வு பெற்றதும் சுகர் வந்தது. எங்கள் ஊரில் சுகர் என்றால் நோய். டப்பாவில் இருப்பது சர்க்கரை. கடைக்காரரிடம் போய் சுகர் என்று யாரும் கேட்பதில்லை. டாக்டரிடம் போய் சர்க்கரை ஏறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைப் பொய் சொன்னவள் என்று நினைத்துவிடக் கூடாது.

பிரிசில்லா வீட்டில் கற்றுக்கொண்டதை முதல்முறையாக எங்கள் வீட்டில் செய்தபோது அதை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை. வண்டிப்பாளையத்தில் ஒரு வீட்டில் கடைந்து விற்கிற வெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, மேலே பண்ருட்டி முந்திரி. வாசனை அவரைக் கூடத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்துவிட்டது. ஒரு துண்டை அவரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மெல்லுவதை நிறுத்தினார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

தில்லையின் பெயர் வரவில்லை.

“யாரு செஞ்சது?”

“நான்தான்.”

“நெசமாவா?” இன்னொரு துண்டு எடுத்தார். “நல்லாருக்குடி லேகா. தில்லைக்கெல்லாம் இது வராது.”

என் பெயர் சந்திரலேகா. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு. அன்றைக்குப் பெயரும் சொன்னார், பாராட்டும் சொன்னார், தில்லையையும் கீழே இறக்கினார். மூன்றும் ஒரே வாயில் வந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் பயம் வந்தது.

“ஏண்டி, எனக்கு இது ஆவாதே?”

“சுகர் இல்லாத கேக்குங்க.”

நான் சொன்னதில் தவறில்லை. அந்தக் கேக்குக்கு எந்த நோயும் இல்லை.

அதற்கப்புறம் வாரத்தில் பாதி நாள் கேக் செய்தேன். காலையில் ஒரு துண்டு, காப்பியோடு ஒன்று, படுக்கும் முன் ஒன்று. சில்வர் பீச்சுக்கு வாக்கிங் போகிற இடத்தில் சேக்காளிகளிடம் என் கேக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஒருவர் வீட்டுக்கே வந்து, “மருந்தாட்டம் கேக்கு செய்யிறீங்களாமே, எங்க வீட்டம்மாவுக்கும் சொல்லிக் குடுங்க” என்றார். மாவும் வெண்ணெயும் எவ்வளவு என்று சொன்னேன். மற்றதை அவர் கேட்கவில்லை.

சர்க்கரை போடாமலேயே செய்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒருமுறை செய்தேன். சர்க்கரைக்குப் பதிலாக விற்கிற அந்தப் பொடியை வாங்கிப் போட்டேன். சாப்பிட்டார், நிறுத்தினார், உச்சுக்கொட்டினார். “இன்னிக்கு என்னமோ கொறையுது. தில்ல ஒரு கேசரி செய்வா பாரு” என்று ஆரம்பித்தார். மீதிக் கேக்கைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டேன். மறுநாள் பழையபடியே செய்தேன்.

மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேளாவேளைக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். விரலில் குத்தி ரத்தம் பார்க்கிற மெஷினும் வீட்டில் இருந்தது. அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் பிரிசில்லாதான். முதலில் அவரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் மங்கிவிட்டது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது என்றார். அதனால் நான் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

“எவ்ளோடி?”

மெஷினில் நான்கில் ஆரம்பிக்கிற எண் இருக்கும். நான் ஒன்றில் ஆரம்பிக்கிற எண்ணைச் சொல்வேன். அவர் முகம் மலர்ந்துவிடும். நோயாளியைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள்.

“பாத்தியா, உன் கேக்குதான் எனக்கு மருந்து” என்பார். “இனிமே டாக்டரு எதுக்கு? சும்மா போயி உக்காந்துகினு.”

டாக்டரிடம் போவது அப்படித்தான் நின்றது. நான் தடுக்கவில்லை.

பிரிசில்லாவுக்குத்தான் சந்தேகம். மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்பாள்.

“லேகாக்கா, தெனம் தெனம் வாசன தெருவத் தூக்குது. மாமாவுக்குக் குடுக்குறீங்களா இன்னா?”

“அவருக்கா? எனக்குத்தான். வயசாக ஆக வாய் நமநமங்குது.”

“அதான பாத்தேன். ஜாக்கெட்டெல்லாம் டைட்டாயிருச்சு.”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கேக் பிடிக்காது. வெண்ணெய் வாசனை தொண்டையில் நின்றுவிடும். இதுவரை ஒரு முழுத் துண்டு தின்றதில்லை.

அவர் இளைக்க ஆரம்பித்தார். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். செருப்பு கடித்த இடம் ஆறவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றிவிட்டேன். வாக்கிங் நின்றது. நாள் முழுவதும் கூடத்துக் கட்டிலில் படுத்திருப்பார். நான் சமையலறையில் வெண்ணெய் அடிக்கிற சத்தம் கேட்டால் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுப்பார். எங்களுக்குள் அவ்வளவு அன்னியோன்யம் அதற்கு முன் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் தில்லையம்மாள் வந்தாள். தூக்குவாளி நிறையக் கொத்சு. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாசற்படி ஏறியதும் அண்ணனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னா அண்ணி இது? எலும்பும் தோலுமா ஆயிட்டாரு.”

“டயட்டும்மா. சுகரெல்லாம் எறங்கிடுச்சு.”

“எறங்குன ஆளு மாதிரியா இருக்காரு? பாத்துக்கினுதான இருக்கீங்க?”

“ஏய் தில்ல, அவள ஒண்ணும் சொல்லாத” என்றார் அவர் கட்டிலில் இருந்தபடி. “அவ இல்லன்னா நான் இந்நேரம் போயிருப்பேன்.”

இலை போட்டேன். இட்லிமேல் கொத்சை ஊற்றினாள் தில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு. இந்தமுறை நிலையைப் பிடித்து நிற்க வேண்டியவள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார்.

“உப்பு ஜாஸ்திடி.”

“இல்லியேண்ணா. எப்பவும் போடுறதுதான்.”

“என்னமோ, வாய்க்குப் புடிக்கல.” இலையைத் தள்ளினார். “லேகா, கேக்கு இருக்கா?”

தில்லை எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அவருக்கு நாக்கு செத்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மீந்த கொத்சை நான்தான் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது தில்லை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, தப்பா நெனச்சிக்காதீங்க. வெள்ளிக்கெழம மருமகன் காரை எடுத்தாரேன். சிதம்பரத்துக்கு அழச்சிக்கினு போயி ரத்தமெல்லாம் டெஸ்ட் எடுத்துடலாம். ஒரு மாசம் நம்ம வூட்லயே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். டெஸ்ட் எடுப்பார்கள், மருந்து ஏற்றுவார்கள். கண் தெளியும். நாக்கு திரும்ப வந்துவிடும். காலையில் அவள் வீட்டுக் கூடத்தில் இட்லியும் கொத்சும் வைப்பார்கள். முதல் வாயை வைத்ததும் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பத்திரமாகத் திரும்பி வருவார். வந்து இங்கே என் கையால் சாப்பிடும்போது மறுபடியும் நிறுத்துவார்.

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல வெண்ணெயை மேடைமேல் எடுத்து வைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. அரை மயக்கமாக இருந்தார். மூச்சு நீளமாக வந்து போய்க்கொண்டிருந்தது. கேக்கை ஓவனில் வைத்துவிட்டு வந்து விரலில் குத்தினேன். மெஷினில் எண் வரவில்லை. ஹெச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் நின்றன.

“எவ்ளோ?” என்றார், கண் திறக்காமல்.

“ஹாய் சொல்லுதுங்க.”

“என்னாது?”

“மெஷின் உங்களுக்கு ஹாய் சொல்லுது.”

காய்ந்த உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “பரவால்ல. மரியாத தெரிஞ்ச மெஷினு.”

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

அந்த எழுத்துகளை நான் வணக்கம் என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். பாவம், படிக்காதவள் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் மெஷினைக் கற்றுக்கொடுத்த அன்றே பிரிசில்லா சொல்லியிருந்தாள். “எண்ணு வராம இந்த ரெண்டெழுத்து வந்துச்சுன்னா, மெஷினால எண்ணவே முடியாத அளவுக்கு ஏறிப்போச்சுன்னு அர்த்தம்க்கா. அப்ப என்னக்கூட கூப்புடாதீங்க. நேரா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க.” நான் அதை மறக்கவில்லை. போன் என் கையில்தான் இருந்தது. பிரிசில்லா மதிலுக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் கேட்டது.

கேக் பாதி வெந்திருந்தது. பாதியில் ஓவனைத் திறந்தால் சூடு போய்விடும். நடுவில் அமுங்கிவிடும். அமுங்கினதை மறுபடியும் எழுப்ப முடியாது. ஆம்புலன்ஸ் வந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கூடவே போக வேண்டியிருக்கும். நான் சமையலறைக்குப் போய் முக்காலியைப் போட்டு ஓவன் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். கேக் மெல்ல மெல்ல மேலே வந்தது. முந்திரிகள் விலகி வழி விட்டன.

கூடத்திலிருந்து ஒருமுறை குரல் வந்தது. “தில்ல” என்றுதான் காதில் விழுந்தது. என்னைக் கூப்பிடவில்லை என்பதால் நான் எழுந்திருக்கவில்லை.

வெந்ததும் எடுத்தேன். சூட்டோடு கவிழ்த்தால் உடைந்துவிடும் என்பதால் டின்னிலேயே ஆறவிட்டேன். பிறகு தட்டில் கவிழ்த்தேன். ஒரு ஓரம்கூடப் பிய்யவில்லை. நான் செய்ததிலேயே அழகாக வந்த கேக் அதுதான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அதற்கப்புறம் போன் செய்தேன். கூடத்தில் மூச்சுச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. தில்லையின் கார் வந்தபோது நான் முறைப்படி அழுதுகொண்டிருந்தேன்.

நான்தான் அவரைக் கொன்றேன். யாராவது சொல்ல வேண்டுமென்றால் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு வருத்தமில்லை. ஒன்றை மட்டும் யாராலும் மாற்ற முடியாது. கடைசியாக அவர் நாக்கில் இருந்தது என் கை ருசி ஒன்றுதான்.