குப்பைப் பெட்டியையும் திறந்து பார்த்த ரஞ்சிதம் அம்மாவுக்கு

பனி விலகும் முன்னே பணிக்கு வந்து நிற்கும், ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி அவர்களே! தொலைவில் சிக்கிக்கொண்டாலும் தோட்டத்தை மறவாத தூயவரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ரஞ்சிதம் அம்மா, அன்பு வணக்கம்.

பழைய மின்னஞ்சல் ஆபீஸ் கணினியில் மட்டுமே திறக்கும். அதிலும் லாட்டரிப் பரிசும் போலி பில்லுமாகக் குவிந்து கிடக்கும். தோட்ட மேலாளர் துரையை விடாமல் நச்சரித்துப் புது மென்பொருளை வாங்க வைத்தவர் நீங்கள். இனி கைப்பேசியிலேயே திறக்கலாம், குப்பை மடல்கள் தனிப் பெட்டிக்குப் போய்விடும் என்றதும் கைதட்டினோம்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டோம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கைப்பேசி லைன் கிடைக்காததால், பிள்ளைகளின் மேற்படிப்பு மனுக்களில் பெற்றோர் எழுதுவது ஆபீஸ் முகவரியைத்தான். அறியாத இடங்களிலிருந்து வந்த அந்தப் பதில்களையும் மென்பொருள் குப்பை என்றே ஒதுக்கியது.

நல்லுசாமி அண்ணனின் மகள் ரூபினி, தாதியர் கல்லூரியின் பதிலுக்குக் காத்திருந்து களைத்து, கொழுந்து பறிக்கப் பெயர் கொடுத்துவிட்டாள். அந்த வாரம்தான் மண் சரிந்து சாலை அடைபட்டது. தானா ராத்தா டவுனில் நசுருதீன் பாயின் டீக்கடையில் சிக்கிக்கொண்ட நீங்கள், டீ ஆறுவதும் தெரியாமல் கைப்பேசியில் குப்பைப் பெட்டியைத் துழாவினீர்கள். கல்லூரியின் அழைப்பு அங்கே கிடந்தது! சம்மதம் சொல்ல அன்றே கடைசி நாள்.

உடனே ஆபீசுக்குப் போன் போட்டு ரூபினியை அழைக்கச் சொன்னீர்கள். மூச்சிரைக்க ஓடிவந்து போனை வாங்கியவள், “பேரு குடுத்துட்டேனேம்மா, நாளைக்கு வேலைக்குப் போகணும்” என்றாள்.

“பேர நான் வெட்டிக்கிறேன் லா! படிக்கப் போறியா, இல்லையா? அத மட்டும் சொல்லு!”

“போறேன்மா!”

பாய் கடை மேசையிலிருந்தே பதில் பறந்தது.

அன்று முதல் காலையில் நீங்கள் முதலில் திறந்தது குப்பைப் பெட்டியைத்தான். “குப்பையக் கிளறவா இவ்வளவு செலவு பண்ணோம்?” என்று துரை கேலி செய்தார். “மெஷினுக்கு நம்ம பிள்ளைங்களத் தெரியாதே, துரை” என்று சிரித்தீர்கள். முகில் மூடிய இந்த மலைக்கு வெளியே இருந்து ஓர் உலகம் எங்கள் பெயரை விசாரித்து எழுதுகிறது என்று நாங்கள் நம்பத் தொடங்கியது உங்களால்தான்.

இதோ, தாதி உடையோடு இந்தப் பிரியாவிடை விழாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள் ரூபினி. வேலை முடிந்து நேராக இங்கே வந்தவள் அவள்.

அம்மா, உடல் நலத்தோடும் மனநிறைவோடும் நெடுங்காலம் வாழுங்கள்! உங்கள் மின்னஞ்சல் முகவரியை மூட வேண்டாம் என்று துரையிடம் கேட்டு வாங்கிவிட்டோம். எங்கிருந்தாலும் எழுதுங்கள். மென்பொருள் உங்கள் மடலை ஒதுக்கினாலும் பரவாயில்லை. காலையில் முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறப்போம்.

நன்றி மறவாத,
தோட்ட ஆபீஸ் ஊழியர்கள்,
கேமரன் மலை.