யமான்னா கெட்டிக்காரன்

புருல்: மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சிடுங்க அண்ணி. அவ்வளவுதான்.

துலாய்: இது சாறா, வெண்ணெயா? மேல ஒரு விரல்கடை மிதக்குது!

புருல்: பிள்ளை பெத்தவளுக்கு எங்க நரின் ஊர்ல இதான் மருந்து.

துலாய்: எங்க ஊர்ல கிராம்பு போட்டு, செக்கச் செவேல்னு சர்பத் குடுப்பாங்க. இங்க ஆடு, ஆடு, மறுபடியும் ஆடு.

புருல்: அந்த ஆடுதான் பாலா இறங்குது, உங்க பிள்ளை இப்படி மொழுமொழுன்னு... த்தூ த்தூ, நான் ஒண்ணும் சொல்லல. குடிங்க சீக்கிரம். பெரியவர் வர்றதுக்குள்ள நான் போய் மாவைப் பொரிச்செடுக்கணும்.

துலாய்: இன்னிக்கே பேர் வச்சிடுவாங்களா?

புருல்: பின்னே? அவரைக் கூட்டிட்டு வரத்தானே அம்மா போயிருக்கா. வந்ததும் பிள்ளை காதுல பாங்கு சொல்லி, மூணு தரம் பேரைச் சொல்லுவாரு. அப்புறம் மாத்த முடியாது. அது சரி... பேரை நீங்கதான் சொல்லணும்னு அம்மா சொல்லிட்டாளாமே? என்கிட்ட மட்டும் முதல்ல சொல்லுங்களேன்.

துலாய்: சிரிக்கக் கூடாது.

புருல்: நான் எதுக்குச் சிரிக்கப் போறேன்?

துலாய்: யமான்.

புருல்: ப்ஹு... ஹிஹி!

துலாய்: பாரு, சிரிக்கிற!

புருல்: இல்ல அண்ணி... ஐயோ... டீ மூக்குல ஏறிடுச்சு. ஜமானா?

துலாய்: ஜமான் இல்ல. யமான். ‘ய’!

புருல்: உங்க வாயில ‘ய’ன்னா எங்க வாயில அது ‘ஜ’. நட்சத்திரம் உங்களுக்கு யில்திஸ், எங்களுக்கு ஜில்திஸ். நீங்கதானே கண்டுபிடிச்சுச் சொன்னீங்க?

துலாய்: சொன்னேன்...

புருல்: ஜமான்னா எங்க கிர்கிஸ்ல என்ன அர்த்தம்?

துலாய்: ...மோசம்.

புருல்: மோசம்! ஸ்கூல்ல டீச்சர் பேர் கூப்பிடுவா, “மோசம் வந்திருக்கானா?” “வந்திருக்கேன் டீச்சர்!” நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா, “மாப்பிள்ளை எப்படி?” “மோசம்!”

துலாய்: எங்க துருக்கியில யமான்னா கெட்டிக்காரன்டி. எதுக்கும் அசராதவன்.

புருல்: இருங்க, இருங்க... அப்ப தினமும் தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டு ஜமான், ஜமான்னு கொஞ்சினீங்களே...

துலாய்: பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். பொறந்த அன்னிக்கே வச்சாச்சு. யார்கிட்டயும் சொல்லல.

புருல்: போச்சு! அம்மா தெரு பூரா பெருமையடிச்சிட்டு வந்திருக்கா! “துருக்கிக்காரியா இருந்தாலும் எம் மருமகளுக்கு நம்ம வழக்கமெல்லாம் அத்துப்படி. கண்ணு படக் கூடாதுன்னு பிள்ளையை மோசம், மோசம்னே கொஞ்சுறா”ன்னு!

துலாய்: ஐயையோ!

புருல்: எதுத்த வீட்டுக்காரி, தன் மருமகளை உங்ககிட்ட வந்து கத்துக்கச் சொல்லியிருக்கா! ஏன் அண்ணி, வேற பேரே கிடைக்கலியா?

துலாய்: எங்க அப்பா பேரு, புருல். எங்க ஊர் திராப்சோன்ல மினிபஸ் ஓட்டுனாரு. முன் கண்ணாடியில பெருசா யமான்னு எழுதியிருப்பாரு. அவர் போனப்ப இவன் வயித்துல ஏழு மாசம். விமானத்துல ஏறக் கூடாதுன்னுட்டாங்க. கடைசியா முகத்தைக் கூடப் பாக்கல நான்... இங்க எனக்குன்னு என்ன இருக்கு, சொல்லு? பேச்சு உங்களோடது. சாப்பாடு உங்களோடது. இந்தப் பாழாப்போன குளிரும் உங்களோடது. எங்க வீட்டுலேர்ந்து ஒண்ணே ஒண்ணு இவன்கிட்ட இருக்கட்டுமேன்னு ஆசைப்பட்டேன்.

புருல்: அழாதீங்க அண்ணி... பால் வத்திடும். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. எவனாவது கிண்டல் பண்ணினா அத்தைக்காரி நான் போய் அவன் காதைத் திருகிட்டு வர்றேன். ஆனா அம்மா முன்னாடி மட்டும் வேண்டாம்.

துலாய்: கோவிச்சுக்குவாங்களா?

புருல்: கோவமெல்லாம் இல்ல... சும்மா கொஞ்சுறது வேற. பேராவே வைக்கிறதுன்னா... அம்மாவுக்கு அந்த வார்த்தையில பழசு ஒண்ணு இருக்கு. கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு அண்ணனுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன்.

துலாய்: ஏர்மெக்குக்கா? என் புருஷனுக்கும் இதுக்கும் என்ன?

புருல்: கேக்காதீங்கன்னேன்ல! நாய் குரைக்குது... அம்மா வந்துட்டா. கண்ணைத் துடைங்க!

கலிபா: அடியே புருல், பெரியவர் அடுத்த ரூம்ல உக்காந்தாச்சு, டீயைக் காணோம்! எங்க என் பேரன்? த்தூ த்தூ, மூஞ்சியப் பாரு, கொரங்கு! ஏம்மா துலாய், கண்ணு ஏன் செவந்திருக்கு?

துலாய்: சாறு... சூடு அத்தை.

புருல்: ஆமாம்மா, கொதிக்கக் கொதிக்க குடுத்துட்டேன்.

கலிபா: சரி, பேரைச் சொல்லு. பெரியவர் காத்திருக்காரு.

துலாய்: நீங்களே ஒண்ணு வைங்க அத்தை. நல்ல பேரா.

கலிபா: ஏன், நீ தினமும் கூப்பிடுறியே, அதுக்கு என்ன குறைச்சல்?

புருல்: அம்மா, அது வந்து... அண்ணி மோசம்னு கொஞ்சல. அது அவங்க அப்பா...

கலிபா: தெரியும்டி. நேத்து சம்பந்தியம்மாகிட்ட போன்ல பேசினேன். பாதி புரிஞ்சுது, பாதி புரியல. அவங்க யமான், யமான்னு சொல்லி அழுதாங்க, நானும் கூடச் சேர்ந்து அழுதேன். இவளா வாயைத் திறந்து கேக்கட்டுமேன்னு பேசாம இருந்தேன்.

துலாய்: இங்க மோசம்னு அர்த்தம் வருதே அத்தை! ஊரே சிரிக்காதா?

கலிபா: சிரிச்சா சிரிக்கட்டும். ஏர்மெக்குக்கு முன்னாடி ரெண்டு பிள்ளைங்களை மண்ணுக்குக் குடுத்தவ நான். அவன் பொறந்ததும், சாவு இந்தப் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கக் கூடாதுன்னு, ஸ்கூல்ல சேர்க்கிற வரைக்கும் ஜமான், ஜமான்னுதான் கூப்பிட்டேன். வெக்கத்துல உன்கிட்ட மறைச்சிருப்பான், கழுதை. உன் புருஷன் அந்தப் பேர்லதான்மா பொழைச்சான்.