மச்சினன் பிடித்த கயிறு

கிட்ட வந்து உட்காருங்கள். சிரிக்கிறவன் இப்போதே எழுந்து போய்விடலாம், பாதியில் போக விடமாட்டேன். இது நம்ம பால்துரையின் சித்தப்பா கிருபாநிதிக்கு நடந்தது.

எழுபத்தேழாம் வருஷம். விளக்கு வைக்கிற நேரம்... தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற உப்பளத்து ரோடு. ஈ காக்கா இல்லை. அந்த ரோட்டில்தான் அவனுடைய ஆராய்ச்சிக்கூடம்.

அங்கே பெரிய காந்தம் ஒன்று. சிப்பியைப் பொடித்து, சுண்டுவிரல் பருமன் குப்பியில் இறுக்கி, காந்தத்துக்கு நடுவே சாய்வாக வைத்து, காற்றை ஊதிச் சுற்றவிடுவான். உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அவை அனுப்பும் ரேடியோ அலை காட்டிக் கொடுத்துவிடும். அதை ஸ்பீக்கரிலும் கேட்கலாம்... மெல்லிய விசில் மாதிரி.

முத்துக்குளிக்கிறவனுக்கு மேலே படகில் கயிறு பிடிப்பது மச்சினன்தான். அக்காள் தாலியறுக்க விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. கிருபாநிதியின் அக்காள் ஞானப்பூ. அவள் புருஷன் பிச்சையா குடித்துவிட்டு அடிக்கிறவன், அவள் பல்லையே உடைத்தவன். ஒரு நாள் பிச்சையா ஆராய்ச்சிக்குச் சிப்பி எடுக்கக் கடலில் இறங்கினான், மேலே கயிறு கிருபாநிதி கையில். கீழேயிருந்து கயிறு ஆடியது... கிருபாநிதி இழுக்கவில்லை. கயிறு பாறையில் சிக்கிவிட்டது என்று ஊருக்குச் சொன்னான்.

பிணத்தின் கைக்குள் ஒரு சிப்பி இருந்தது. ஞானப்பூ அதை மடியில் வைத்து அழுதுகொண்டே இருந்தாள். அது கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் கிருபாநிதிக்கு. ஆராய்ச்சிக்கு என்று வாங்கிப் பொடித்துவிட்டான், பாவி.

அன்றைக்கு அந்தப் பொடியைச் சுற்றவிட்டபோது ஞானப்பூ சோறு கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள். விசில் வரவில்லை. குமிழி உடைகிற சத்தம்... மூச்சு முட்டுகிற சத்தம். அறையெல்லாம் அழுகின சிப்பி நாற்றம். பிறகு பிச்சையாவின் குரல்.

"ஏலே மச்சினா... கயித்த இழுலே. ஆட்டுதேன்லா... இழுலே."

ஞானப்பூ தம்பியைப் பார்த்தாள்.

"சிக்கிட்டுன்னு சொன்னியேலே."

அவன் சுவிட்சை அணைக்கப் பாய்ந்தான். படாரென்று குப்பி வெடித்தது. ஒரு சில்லு தொண்டையில் இறங்கி, சுவரெல்லாம் ரத்தம். விழுந்தவனின் கழுத்தை, ரத்தம் நிற்கட்டும் என்று, ஞானப்பூ இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். பேச்சு வரவில்லை, கண்ணாலேயே கெஞ்சினான். அவள் விரலிடுக்கில் சூடாக ரத்தம் வந்தது... அப்புறம் தண்ணீர். சில்லென்ற கடல்தண்ணீர், மணலோடு.

வாட்ச்மேன் ஓடி வந்து எட்டிப் பார்த்தபோது கிருபாநிதிக்கு உயிர் இருந்தது. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஞானப்பூ கையை எடுத்தாள்.