எப்சிபா பார்த்தது

பொறாமைன்னு சொன்ன உடனே எல்லாரும் பக்கத்துல இருக்கிறவங்களைத் திரும்பிப் பாக்குறீங்களே... அப்போ ஒரு சின்னக் கதை சொல்லித்தான் ஆகணும்.

ஒரு சபையோட பாடகர் குழுவுல ரெண்டு அம்மாமார். ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிடுச்சு. ஒருத்தங்க கிரேனாப். தனியாப் பாடுற வரியெல்லாம் இவங்களுக்குத்தான். இன்னொருத்தங்க எப்சிபா. இவங்களும் நல்லாப் பாடுவாங்க. ஆனா... தனியாப் பாடுங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க!

எப்சிபா பாட்டுப் புஸ்தகத்தையா பார்த்தாங்க? கிரேனாப் முகத்தைத்தான் பார்த்தாங்க. "இன்னைக்காவது வரியை மறப்பாளா?"

ஒரு நாள் மறந்தாங்க! எல்லாரும் சேர்ந்து பாடுற பாட்டு நடுவுல கிரேனாப் அப்படியே நின்னுட்டாங்க. கண்ணு ஒரே இடத்துல நிக்குது. வாய் எதையோ மெல்லுது. இடது கை முந்தானையைக் கசக்குது. கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு. வேற யாரும் கவனிக்கல. எப்சிபாவுக்கு என்ன வந்துச்சு? கவலையா? இல்லீங்க... சந்தோஷம்! "வயசாயிடுச்சு. இனி எனக்குத்தான்." அதுக்கப்புறமும் அதே மாதிரி நடந்துச்சு. எப்சிபா பார்த்தாங்க. யாருகிட்டயும் சொல்லல.

ஒரு ஞாயித்துக்கிழமை கிரேனாப் கை கால் வெட்டி இழுத்து விழுந்தாங்க. வலிப்பு! மூளையை ஸ்கேன் எடுத்தாச்சு. காரணம் ஒண்ணும் தெரியல. டாக்டர் கேக்குறாரு, "விழுறதுக்கு முன்னாடி ஏதாவது மாற்றம் பார்த்தீங்களா?" வீட்டுக்காரருக்குத் தெரியல. மகளுக்கும் தெரியல.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த எப்சிபா சுவரோரமா நிக்கிறாங்க. அன்னைக்குக் காலையிலதான் குழுத் தலைவர், "இனிமே தனி வரியை நீங்க பாடுங்கம்மா"ன்னு சொல்லியிருக்காரு. பேசாம இருந்தா... அந்த இடம் இவங்களுக்கு!

"சார்... நான் பார்த்தேன்."

கண்ணு, வாய், கை... எல்லாத்தையும் சொன்னாங்க. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாரு. "அதுவும் ஒரு வகை வலிப்புதாம்மா. அப்போ மூளையில காதுக்கு உள்பக்கமா இருக்கிற பகுதியை இன்னும் நுணுக்கமா ஸ்கேன் எடுத்துப் பாப்போம்." எடுத்தா... அங்க ஒரு சின்னத் தழும்பு. அதுக்கு ஏத்த மாத்திரை கொடுத்தாங்க. வலிப்பு நின்னுடுச்சு.

"நீங்க கூடப்பிறந்தவங்களா?"ன்னு டாக்டர் கேட்டாரு.

"இல்ல சார். எனக்கு இவளைக் கண்டாலே ஆகாது. அதனாலதான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

கிரேனாப் திரும்பி வந்தாங்க. தனி வரியும் அவங்ககிட்டயே போயிடுச்சு. எப்சிபாவுக்குப் பொறாமை போச்சா? எங்க போச்சு! இன்னைக்கும் அந்த வரி வந்தா வயிறு எரியுது.

பிரியமானவங்களே... எரிச்சலை இந்த நிமிஷமே விட்டுடுங்கன்னு நான் சொல்லல. விட மாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா யாரைப் பிடிக்கலையோ அவங்களைத்தானே நாம விடாம பாக்குறோம்? அவங்க தடுமாறுறது நம்ம கண்ணுக்குத்தானே முதல்ல படுது? பார்த்துட்டு... விழட்டும்னு நிப்பீங்களா? வாயைத் திறப்பீங்களா?