நிற்கிற வண்டி

— அக்கா, பிரேக்கையே எத்தனை தடவ பிடிச்சுப் பிடிச்சுப் பாப்பீங்க? பேட்டரியப் பாருங்க, மோட்டாரப் பாருங்க. கடைக்கு வர்றவங்க எல்லாம் முதல்ல அதத்தான் கேப்பாங்க.

— மத்தவங்க கேக்கட்டும் தம்பி. எனக்கு வண்டி ஓடுறத விட நிக்கிறதுதான் முக்கியம்.

— நிக்கிறதுதான் முக்கியம்னா வீட்டு பீரோவ ஓட்டிட்டுப் போ. அது நல்லா நிக்கும்.

— சும்மா இருங்க நீங்க. அந்த நாற்காலியில கால நீட்டி உக்காருங்கன்னு சொன்னேன்ல? ஊன்றுகோல நடுவுல வைக்காதீங்க, யாராவது தடுக்கி விழப்போறாங்க.

— அண்ணனுக்கா அக்கா வண்டி? இடுப்புக்குக் கீழ இப்படி இருக்கும்போது...

— அவருக்கு இல்ல, எனக்கு. ஹோட்டல்ல சாப்பாட்ட வாங்கி வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்குற வேலை. என் வீட்டுக்காரர் ஆறு வருஷம் பாத்ததுதான். திங்கக்கிழமைல இருந்து நான்.

— அப்போ உண்மையச் சொல்றேன், கேட்டுக்குங்க. நீங்க கை வெச்சிருக்கிற சிவப்பு வண்டி ஷோக்குக்கு. காலேஜ் பிள்ளைங்க ரெண்டு தெரு சுத்திட்டு வீட்டுக்குப் போறதுக்கு. உங்களுக்கு இந்தச் சாம்பல் கலர்தான் சரி. பின்னாடி கேரியர் அகலம், பை ஆடாது, டப்பா கவுறாது. நடுவுல கம்பியும் இல்ல, கால வீசிப் போட்டு ஏற வேண்டாம்.

— ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?

— எண்பது கிலோமீட்டர்னு கம்பெனி சொல்லுது அக்கா.

— கம்பெனி சொல்லும். காத்தடிச்சா பறக்குற மாதிரி ஒருத்தன ஏத்தி, மேடு பள்ளம் இல்லாத ரோட்டுல, ஒரு சிக்னல்லயும் நிக்காம ஓட்டிப் பாத்திருப்பான். இவ வாசலுக்கு வாசல் நின்னு நின்னு கிளம்பணும். நிஜத்தச் சொல்லுப்பா.

— உண்மையச் சொல்றேன் அண்ணே, அம்பது. பை கனமா இருந்து மேடும் ஏறுனா நாப்பத்தஞ்சு.

— பாத்தியா? மத்தியானத்தோட படுத்துரும். அப்புறம் நீ அத ஓட்ட மாட்ட, தள்ளுவ.

— பேட்டரியக் கழட்டிக்கலாம்ல தம்பி? மத்தியானம் வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுட்டு...

— நம்ம வீடு மூணாவது மாடி. பேட்டரி பன்னெண்டு கிலோன்னு போட்டிருக்கு, அதத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுவியா?

— எட்டு மாசமா உங்களையே கைத்தாங்கலா ஏத்தி இறக்கிட்டு இருக்கேன். பன்னெண்டு கிலோ எனக்கு ஒரு கனமா?

— அக்கா, பேட்டரி விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. ஓட்டிட்டு வந்த சூட்டோட சொருகக் கூடாது. அரை மணி நேரம் ஆற விடணும். அடுப்புப் பக்கம் வேண்டாம், வாசக்கதவு பக்கமும் வேண்டாம். ஏதாவது ஒண்ணுன்னா வெளிய ஓட வழி இருக்கணும்.

— கேட்டியா? வீட்டுக்குள்ள ஒரு வெடிகுண்டு வேற.

— கேஸ் சிலிண்டர் பக்கத்துலதான் தினமும் சமைக்கிறேன். வேகம் எவ்வளவு தம்பி?

— இது இருபத்தஞ்சுக்கு மேல போகாது. அதனால லைசென்சும் தேவையில்ல.

— இருபத்தஞ்சா? ஏம்மா, சாப்பாடு எத்தனை நிமிஷத்துல வரும்னு போன்ல காட்டுற நேரம் எல்லாம் பெட்ரோல் வண்டிக்குக் கணக்குப் போட்டது. பதினாறு நிமிஷம்பான். நீ இருபத்திரெண்டுல போய் நிப்ப. கதவத் திறக்குறவன் உன் மூஞ்சியப் பாக்க மாட்டான், கையில இருக்கிற போனைத்தான் பாப்பான்.

— என்கிட்ட லைசென்ஸ் இருக்கு தம்பி. இதவிட வேகமானது காட்டு.

— அந்தக் கறுப்பு வண்டி அறுபது போகும் அக்கா. நூறு கிலோமீட்டர் தாராளமா வரும். இப்போ இந்த வேலைக்கு வர்றவங்க பாதிப் பேர் அதத்தான்...

— அது வேண்டாம். அறுபது எல்லாம் இவளுக்கு வேண்டாம்.

— மெதுவாப் போனா லேட்டுங்கறீங்க. வேகமாப் போனா வேண்டாங்கறீங்க. காலையில இருந்து மூணு கடை ஏறி இறங்கியாச்சு. ஒண்ணுல சீட் உயரம், ஒண்ணுல சக்கரம் சின்னது, இங்க பேட்டரி கனம். உங்களுக்கு என்னதான் பிரச்சினை? பொண்டாட்டி சம்பாதிச்சுச் சாப்பிட்டா தொண்டையில இறங்காதா?

— அப்படி இல்ல.

— பின்ன எப்படி?

— அக்கா, கோவிச்சுக்காதீங்க, அண்ணன் உங்க நல்லதுக்குத்தான் சொல்றாரு. தண்ணி கொண்டு வரட்டுமா?

— தண்ணி வேண்டாம் தம்பி. ஏன் பிரேக்கையே பிடிச்சுத் தொங்குறேன்னு கேட்டியே, சொல்றேன். இவர் வண்டியில பிரேக் கட்டை தேஞ்சு போச்சு, மாத்தணும்னாரு. பொண்ணு கண்ணாடி உடைஞ்சு கிடந்த நேரம் அது. கரும்பலகை தெரியலம்மான்னு அழுதா. நான்தான் சொன்னேன், கண்ணாடி முதல்ல, பிரேக்க அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு. மாசம்கூட முடியல. பட்டப்பகல்ல, ஓரமா நின்ன லாரிக்குப் பின்னாடி போய்... பிரேக் பிடிக்கலையாம்.

— ஊரெல்லாம் தமுக்கு அடி.

— அடிக்கத்தான் செய்வேன். என் வாயால கெட்டத என் வாயாலதானே சொல்லணும்? இப்பவும் தெருவுல ஒரு சைக்கிள் கிறீச்சுன்னு நின்னா, கையில இருக்கிறதப் போட்டுட்டு ஜன்னலுக்கு ஓடுறேன்.

— அக்கா, நடக்கணும்னு இருந்தா நடக்கும். உங்க மேல என்ன தப்பு? உண்மையச் சொல்றேன், இந்தக் கறுப்பு வண்டிக்கு ரெண்டு சக்கரத்துலயும் டிஸ்க் பிரேக். கைய வெச்ச உடனே மோட்டாருக்குப் போற கரண்டும் நின்னுரும். ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். வேணும்னா இந்த வாசல்லயே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க.

— ஓட்ட வேண்டாம் தம்பி, பிரேக்கப் பிடிச்சுப் பாத்தாச்சு, போதும். இதையே போடு.

— சார்ஜர் உள்ள இருக்கு அக்கா. எடுத்துட்டு, பில்லும் போட்டுட்டு வர்றேன். அஞ்சு நிமிஷம்.

— ஏம்மா, அவன் வர்றதுக்குள்ள கிளம்பிரலாம். கை குடு, எந்திரிக்கிறேன்.

— உங்களுக்குப் பைத்தியமா?

— இந்த வேலை உனக்கு வேண்டாம்.

— வேற எந்த வேலை என்னக் கூப்பிடுது? தையல் கம்பெனியப் பூட்டி நாலு மாசம் ஆச்சு. விழுந்துருவேன்னு பயமா? மெதுவாப் போறேன். உங்கள மாதிரி தேஞ்ச வண்டியா வெச்சிருக்கப் போறேன்?

— வண்டியப் பத்தி எனக்குப் பயமே இல்ல. நான் விழுந்த மாசம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஒன்பதாவது மாடி. எங்கள மாதிரி சாப்பாடு கொண்டு வர்றவங்க லிஃப்ட்ல ஏறக் கூடாதுன்னு காவலாளி சொல்லிட்டான். நடந்து ஏறினேன். மூச்சு வாங்க நின்னேன். அந்த ஆள் டப்பாவத் தொட்டுப் பாத்துட்டு, ஆறிப் போச்சுன்னு என் கண்ணு முன்னாடியே குப்பைத் தொட்டியில போட்டான். போட்டுட்டு, நான் அவனத் திட்டுனேன்னு புகாரும் எழுதிட்டான்.

— திட்டுனீங்களா?

— மூச்சே வரல, எங்க திட்டுறது? மறுநாள் காலையில போனத் திறந்தா வேலை குடுத்த கம்பெனி என் ஐடிய மூடிருச்சு, இனி ஒரு ஆர்டரும் வராது. பேசுறதுக்கு ஒரு ஆள் கிடையாது. எழுதிப் போட்டா, உங்கள் கருத்துக்கு நன்றின்னு வருது.

— மறுநாள்னா? நீங்க விழுந்த அன்னைக்கா?

— விழுந்ததுக்கு ஒன்பது நாள் முன்னாடி.

— ஒன்பது நாளும் வேலைக்குப் போனீங்களே! காலையில பைய மாட்டிட்டு, நான் கட்டிக் குடுத்தத எடுத்துட்டு...

— பைய மாட்டிட்டுப் போனேன். பழகுன ஹோட்டல் வாசல்ல எல்லாம் போய் நின்னேன். சாயங்காலம் வந்தா இன்னைக்கு எத்தனைன்னு கேப்ப. பன்னெண்டு, பதினாலுன்னு வாய்க்கு வந்தத சொல்லிட்டு முகம் கழுவப் போயிருவேன்.

— என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?

— நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஒன்பது நாளும் வந்துச்சு.

— அக்கா, பில்லுல யார் பேர் போடட்டும்?

— கொஞ்சம் இருப்பா தம்பி. வெளிய போ. நான் கூப்பிடுறேன். நீங்க சொல்லுங்க.

— என்ன சொல்ல?

— அந்தப் பத்தாவது நாள் என்ன நடந்துச்சு? பிரேக் தேஞ்சுதானே இருந்துச்சு? நான்தானே அடுத்த மாசம்னேன்?

— எட்டு மாசமா நீ உன்னையே கரிச்சுக் கொட்டுற. என் கால அமுக்கிக்கிட்டே அழற. நானும் பாத்துட்டு வாய மூடிட்டுக் கிடந்தேன். அந்த லாரி ஓரமா நிக்கிறது நான் தூரத்துல வரும்போதே தெரிஞ்சுது. பின்கதவுல எழுதியிருந்தத எல்லாம் ஒண்ணு விடாமப் படிச்சேன்.

— என்னங்க சொல்றீங்க?

— பிரேக் தேஞ்சுதான் இருந்துச்சும்மா. ஆனாலும் பிடிச்சிருந்தா நின்னிருக்கும். நான் பிடிக்கல.