மேஜருக்கு வழி தெரியும்

இல்லைப் பிள்ளை, ஃபானைப் போடாதேங்கோ, ஃபானுக்கு ஆறுற சூடில்லை இது. பேனையை எடுங்கோ. கேஸ் ஒண்டு போடோணும். ஷெல்டன் மேல. ஓம், அதே ஷெல்டன்தான், கொட்டாஞ்சேனை ஷெல்டன். உங்கட அப்பாவின்ர காணி உறுதிக்கு என்னோட வந்து சாட்சிக் கையெழுத்து வைச்சவன். முப்பது வருஷம் ஒரே பாங்கில பக்கத்து மேசை. அதாலதான் சொல்லுறன், போடுங்கோ.

என்ன கேஸோ? நாய்க் கேஸ். சிரிக்காதேங்கோ! என்ர நாயை, என்ர மேஜரை, எனக்குத் தெரியாமல் தன்ர வீட்டில வைச்சுச் சோறு போட்டிருக்கிறான். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, மாசக்கணக்கா. அதுக்குச் சட்டத்தில ஒண்டும் இல்லையோ? பிறகென்னத்துக்குப் பிள்ளை இந்தப் புதுக்கடைக் கோர்ட்டடியில இத்தினை கறுப்புக் கோட்டு?

சரி சரி, முதலில இருந்து சொல்லுறன். போன ஞாயிறு அவிசாவளைப் பக்கம் ஒரு மலைக்குப் போனனாங்கள். பெரிய மலை எண்டு நினையாதேங்கோ. ரப்பர் தோட்டத்துக்கால ஏறினா மேல ஒரு பாறை, அவ்வளவுதான். பென்ஷன் எடுத்த பிறகு பழைய ஆக்கள் சேந்து இடைக்கிடை இப்பிடிப் போறது. வாடகைக்குப் பிடிச்ச வானில நான், மனிசி ரஜனி, மகன் கிஷாந்த், ஷெல்டன், அவன்ர மகள் டிலானி, பிறகு எங்களோட வேலை செய்த நிஸாம். என்ர மேஜர். ஷெல்டன்ர நாய் டொபி. நிஸாம் நாயைத் தொடமாட்டான், ஆனா பொக்கெற் நிறைய பிஸ்கட் கொண்டுவருவான், தூர நிண்டு எறிவான். ஷெல்டன்ர மனிசி வீட்டில நிண்டு சமைக்கிறா, இறங்கி வந்து அங்க சாப்பாடு. அதுதான் பிளான்.

வெயிலெண்டா அப்பிடி ஒரு வெயில். முதல் நாள் மழை பெய்ஞ்சு இலையெல்லாம் பளபளக்குது. சந்தோஷமாத்தான் ஏறினன், பொய் சொல்லக்கூடாது. முழங்கால் நோவே தெரியேல்லை.

ஆனா பாருங்கோ, எங்கட மேஜர் வேற நாயைக் கண்டால் சங்கிலியை அறுக்கிற ஆள். எங்கட ஃப்ளாட்டில ஒருத்தரும் அவனோட லிஃப்டில ஏறமாட்டினம். அவன் அந்த டொபியைக் கண்டிட்டு வாலை ஆட்டுறான்! கலியாண வீட்டில மச்சான்மார் சந்திச்ச மாதிரி ரெண்டும் உரசிக்கொண்டு போகுதுகள். என்னடா இது எண்டு கேட்டன். கிஷாந்த் சொல்லுறான், மலைக்காத்து அப்பா எண்டு. மலைக்காத்தாம்!

அதையும் விடுங்கோ. எங்கட வீட்டில நாயோட இங்கிலீசுதான். எங்கட வெள்ளவத்தையில எந்த வீட்டிலயும் பாருங்கோ, பிள்ளையளோட தமிழ், நாயோட இங்கிலீசு. சிட், கம், நோ. ஏனெண்டு கேட்டா எனக்கும் தெரியாது, அப்பிடித்தான் வளத்தது. மேல பாறையில நிஸாம் பிஸ்கட்டை எறிய இவன் பாய்ஞ்சான். அந்தப் பக்கம் சறுக்கல். நான் சிட், சிட் எண்டு தொண்டை கிழியக் கத்துறன், கேக்கேல்லை. அந்தப் பெட்டை டிலானி, தோடம்பழம் உரிச்சுக்கொண்டிருந்தவள், திரும்பிக்கூடப் பாக்காமல், டேய், சும்மா இருடா எண்டாள். இருந்திட்டான் பிள்ளை! பாறையில குண்டியைக் குத்தி அப்பிடியே இருந்திட்டான். இவனுக்கு ஆர் தமிழ் படிப்பிச்சது?

அப்பவும் எனக்கு ஓடேல்லை. மடையன் நான்.

இறங்கி ஹெந்தளைக்கு வந்தம். ஷெல்டன் போன வருஷம்தான் கொட்டாஞ்சேனையில இருந்து அங்க மாறினவன். அந்த வீட்டுக்கு அண்டைக்குத்தான் நான் முதல் தரம் போறன். வான் ஒழுங்கைக்குள்ள போகேலாது, சந்தியில நிப்பாட்டினம். நான் இறங்கி ஆரிட்டையாவது வழி கேப்பம் எண்டு பாக்கிறன், மேஜர் என்ர கையை இழுத்துக்கொண்டு ஓடுறான். இடது பக்கம் திரும்பினான். ரெண்டு கேற்றைத் தாண்டினான். மூண்டாவதை மூக்கால தள்ளித் திறந்து, வீட்டைச் சுத்திப் பின்னால குசினிப் பக்கம் போய், அங்க இருந்த சட்டியில தண்ணி குடிக்கிறான். ஷெல்டன்ர மனிசி வெளியில வந்து, வந்திட்டியாடா ராசா எண்டு தடவுறா. பிறகுதான் பின்னால நிக்கிற என்னைக் கண்டவ. முகம் செத்துப்போச்சு.

விளங்குதோ? ஒவ்வொரு பின்னேரமும் என்ர மகன், அப்பா, மேஜரைக் கடக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு காரை எடுப்பான். வெள்ளவத்தைக் கடலுக்குப் போக எதுக்கடா கார் எண்டு கேட்டதுக்கு, நாய் ரெயில் ரோட்டைக் கடக்கப் பயப்பிடுதாம். நானும் நம்பினன். வரேக்க காலெல்லாம் மணல். எங்கட கடல் மணல் எண்டு நானே துடைச்சுவிட்டனான். ஹெந்தளையிலயும் கடல்தானே இருக்கு!

பிறகு சாப்பாட்டு மேசை. மஞ்சள் சோறு, கோழிக்கறி, கட்லட், நிஸாம் கொண்டுவந்த வட்டிலப்பம். உப்புக் காணாதெண்டு நிஸாம் சொன்னான். கிஷாந்த் எழும்பிப் போய், ஒருத்தரையும் கேக்காமல், மேல் தட்டில இருந்து உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தான். எங்கட வீட்டில உப்பு எங்க இருக்கெண்டு அவனுக்குத் தெரியாது பிள்ளை!

பாதிச் சோத்தில எழும்பிட்டன். நாயைப் பிடிச்சு இழுத்தா, நாயும் வரமாட்டன் எண்டுது. அங்கயிருந்து வெள்ளவத்தை வரைக்கும் த்ரீவீலில, பக்கத்தில மேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறான். நான்தான் ஏதோ குற்றம் செய்த மாதிரி.

என்னது? டிலானிப் பெட்டை மருமகளா வாறது பிடிக்கேல்லையோ எண்டோ? ஆர் சொன்னது? அந்தத் தோடம்பழத்தை ஆருக்கு உரிச்சவள்? எனக்கு. எனக்கு நார் ஒத்துக்கொள்ளாதெண்டு ஒவ்வொரு நாராக் கழட்டி, கையில வைச்சுத் தந்தவள். என்ர மகனே அப்பிடிச் செய்யமாட்டான். அவை வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவை எண்டோ? ரஜனி ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொழுத்திறவ, இதில என்ன வேதம்!

பிறகேன் கத்துறன் எண்டு கேக்கிறியள். கத்தாமல்? எங்கட ஆக்களில பொம்பிளைப் பகுதிதானே வந்து கேக்கிறது? அது ஷெல்டனுக்கும் தெரியும், என்ர தங்கச்சிக்கு மாப்பிள்ளை கேட்டுப் போகேக்க என்னோட பழத்தட்டுத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். எல்லாம் வெளியில வந்திட்டுது, இனி வருவான் எண்டு திங்கட்கிழமை பின்னேரம் ஷேவ் எடுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு ஹோலில இருந்தனான். ரஜனி வடை சுட்டவ. வரேல்லை. செவ்வாயும் இருந்தன். வரேல்லை. பிறகு நிஸாம் கோல் எடுத்துச் சொல்லுறான், சிவபாதம், ஷெல்டன் உன்னட்டை வரமாட்டானாம். சிவபாதம் பெரிய இடம், எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிப்போடுவான், இந்த வயசில அந்த அவமானம் வேண்டாம் எண்டவனாம்.

கேட்டியளோ? முப்பது வருஷம் என்ர சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள கையை விட்டுத் திண்டவன், என்னைப் பற்றி அப்பிடி நினைச்சிருக்கிறான். பெத்த மகனும் அப்பிடித்தான் நினைச்சிருக்கிறான், நாயைச் சாட்டி ஒளிச்சு ஒளிச்சுப் போயிருக்கிறான். எரியுது பிள்ளை, நெஞ்சு எரியுது. நானா போய்க் கூப்பிடேலாது, மாப்பிள்ளைப் பகுதி அப்பிடிப் போறதில்லை.

சட்டத்தில இடமில்லை, இடமில்லை எண்டு தலையாட்டாதேங்கோ. நாய் எண்டு போடுங்கோ, என்னவெண்டாலும் போடுங்கோ. ஷெல்டனும் மனிசியும் வெள்ளவத்தைக்கு வந்து, என்ர ஹோலில எனக்கு நேர இருந்து, சிவபாதம், உன்ர பெடியனை எங்கட பிள்ளைக்குத் தா எண்டு வாயைத் திறந்து கேக்கோணும். அதுக்குக் கோர்ட்டால ஒரு ஓடர் எடுத்துத் தருவியளோ, மாட்டியளோ?