தராசுக்குக் காற்று ஆகாது

லூர்து: ...அது காத்து இல்ல மாமா. காத்துன்னா எடதுலயோ வலதுலயோ தள்ளும். இது மேல ஒண்ணு, கீய ஒண்ணு. கொடிமரம் நட்ட மாறி நிக்குது குறி அட்டயில ஓட்டைங்க.

அருள்பிரகாசம்: உன் கை நடுங்கியிருக்கும்.

லூர்து: என் கைய வுடு. நீ ரொப்பிக் குட்த்த தோட்டாவ சொல்லு. ஒண்ணு சீறிக்கினு போவுது, ஒண்ணு தொங்கிக்கினு போவுது. அறநூறு கஜத்துல அது ஒரு மொழம்.

அருள்பிரகாசம்: இருவது வருசமா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல நூலு புடிச்சி வேல செய்றவண்டா நானு. என்னாண்டயே...

லூர்து: கோச்சுக்காத. ஞாயித்துக்கெயம பத்து குண்டு. வட்டத்துல வுழுந்தா தில்லி போற டீமு. இல்லன்னா என்ன மாறி ஹார்பர் வாச்மேன அந்த கிளப்புல இன்னொரு தபா சேத்துப்பானுங்களா?

அருள்பிரகாசம்: மாட்டானுங்க.

லூர்து: அப்ப சொல்லு. தோட்டாக் கூடெல்லாம் ஒரே பொட்டிதான?

அருள்பிரகாசம்: ஒரே பொட்டி.

லூர்து: வெடிமருந்து?

அருள்பிரகாசம்: ஒரே டப்பா.

லூர்து: தராசுல ஒவ்வொண்ணா நிறுத்தியா?

அருள்பிரகாசம்: பின்ன? சௌக்கத் அலி மாறி கரண்டில அள்ளிப் போட்டேன்னு நெனச்சியா?

லூர்து: அவுரு காக்கா சுடுறவரு. அதுங்களுக்கு சத்தமே போதும்.

அருள்பிரகாசம்: போடா...

லூர்து: அக்கா போனதுலேர்ந்து இன்னிக்கித்தான் உன் பல்ல பாக்குறேன்.

அருள்பிரகாசம்: சிரிக்கல.

லூர்து: செரி, சிரிக்கல... மாமா, ஜன்னலு இன்னாத்துக்கு தொறந்து கீது?

அருள்பிரகாசம்: புழுங்குது.

லூர்து: தராசு தட்ட பாரு, தூளி மாறி ஆடுது. கடல்காத்து உள்ள பூந்து வெளயாடிக்கினு கீது. நிறுக்கறப்ப மூச்சு கூட வுடாதன்னு நீதான சொல்லுவ?

அருள்பிரகாசம்: ஆடட்டும்.

லூர்து: ஆடட்டுமா? மருந்து ஒரு கடுகு ஏறுது, ஒரு கடுகு எறங்குது. அதான் மேலயும் கீயயும் போவுது! எழுந்துரு, நான் சாத்துறேன்.

அருள்பிரகாசம்: தொடாத.

லூர்து: ஒரு மணி நேரந்தான மாமா...

அருள்பிரகாசம்: தொடாதன்னேன்ல! வேற ஆள பாத்துக்கோ லூர்து. என்னால இனிமே முடியாது.

லூர்து: இன்னா ஆச்சி உனக்கு?

அருள்பிரகாசம்: அன்னிக்கி உனக்குத்தான் நிறுத்துக்கினு இருந்தேன். எல்லாம் சாத்தி வச்சிட்டு. உங்கக்கா ஐரீனுக்கு இழுப்பு. அந்தக் கட்டில்ல குந்திக்கினு, ஜன்னல தொறய்யான்னா. இன்னும் அஞ்சுதாண்டி, தராசு ஆடும்னேன். ரெண்டு தபா கேட்டா... அஞ்சும் முடிச்சிட்டுத்தான் தொறந்தேன். தூக்கத்துல போயிட்டான்னு உங்கம்மாவாண்ட சொன்னது பொய்யிடா.

லூர்து: மூணு தபா.

அருள்பிரகாசம்: இன்னா?

லூர்து: மூணு தபா கேட்டுச்சி மாமா. நான் வாசல்லதான் நின்னுகினு இருந்தேன். கதவ தொறந்தா தராசு ஆடுமேன்னு... நானும் தொறக்கல.